பெரியப்பாவின் வள்ளத்துக்கு இரண்டு கட்டைகள்

வள்ளம் கவிழ்ந்து உயிர் தப்பியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்று அந்தக் கதைகளை அவர்கள் சொல்லும்போது, அலையின் உயரம் வருடாவருடம் கொஞ்சம் கூடும். என்னிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது. ஆனால் நான் இருந்த வள்ளம் சரிந்தது வீட்டு வளவுக்குள், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், வெறும் மணலில். அதனால் நான் அதைப் பெரிதாக வெளியில் சொல்வதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். எங்கள் வீட்டுக்கும் பெரியம்மாவின் வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. வேலி இருந்திருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பாவின் வள்ளம், ட்ரெயிலரில் ஏற்றியபடி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதில் ஏறிவிடுவேன். தென்னம்மட்டை ஒன்றுதான் துடுப்பு. களப்பைக் கடந்து, கடலைக் கடந்து, சில நாட்களில் அவுஸ்திரேலியா வரைக்கும் போய்ப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, அம்மா தேத்தண்ணீருக்குக் கூப்பிடும்போது திரும்பி வந்துவிடுவேன்.

அன்று, முதல் நாள் பெய்த மழைத்தண்ணீர் வள்ளத்துக்குள் கணுக்கால் அளவுக்கு நின்றது. அடியிலிருக்கும் தக்கையைக் கழற்றித் தண்ணீரை விடுவது பெரியம்மாவின் வேலை. அவர் சந்தைக்குப் போயிருந்தார். உண்மையான தண்ணீரில் துடுப்புப் போடும் வாய்ப்பை விடுவானேன் என்று நான் ஏறினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு தரம் துடுப்பு வலித்திருப்பேன். கீழே ஏதோ பொருபொருவென்று நொறுங்கியது. வள்ளம் இடப்பக்கம் சரிய, நானும் தண்ணீரும் ஒன்றாக வெளியே வந்தோம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா முதலில் வள்ளத்தின் அடியைப் பார்த்தார். பிறகுதான் என் முழங்காலைப் பார்த்தார். இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

நொறுங்கியது படுக்கைக்கட்டை. ட்ரெயிலரில் வலமும் இடமுமாக, ஆளுயரத்துக்கும் கொஞ்சம் கூடிய நீளத்தில், இரண்டு மரக்கட்டைகள் உண்டு. வள்ளத்தின் அடிவயிறு இருப்பது அவற்றின்மேல்தான். வள்ளத்தின் பைபர் உடம்பு கீறுபடக்கூடாது என்று கட்டைகளைச் சுற்றிக் கார்ப்பெட் அடித்திருக்கும். வள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கார்ப்பெட்டும் நனைந்து காய்ந்துகொண்டிருக்கும். அசையாமல் நின்றால் மழைத்தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும். வெளியே கார்ப்பெட் நிறம் மங்கினாலும் முழுசாக இருந்ததால், உள்ளே மரம் உக்கிப்போனது ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா விரலால் குத்தியபோது கட்டை மண்ணாகக் கொட்டியது. மிச்சத்தைக் கறையான் முடித்திருந்தது.

வள்ளம் ஏன் அசையாமல் நின்றது என்பதைச் சொல்ல வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே போகிற றோட்டில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்புத்தண்ணீர் தேங்கிய களப்புமாக இருக்கிற ஊர் எங்களுடையது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்தில் தொழில் செய்ய, பெரியப்பாவுக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. எரிந்துபோன ஒரு வான் வண்டியின் அச்சை எடுத்து, வேறு சில்லுகள் பூட்டி, இரும்புக் குழாய்களை ஒட்டுவித்து அந்த ட்ரெயிலரைச் செய்வித்தார். கடல் முரண்டு பிடிக்கும் மாதங்களில் வள்ளம் களப்புக்குப் போகும். அது அடங்கியதும் கடலுக்கு வரும். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வாகனத்தில் தொழிலுக்குப் போகும் வள்ளம் என்று ஊரில் நக்கலடிப்பார்கள்.

அந்த நாட்களில் எங்கள் கரையிலிருந்து பலர் பெரிய ட்ரோலர் படகுகளில் அடைக்கலம் தேடிக் களவாக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். பெரியப்பாவும் ஒரு மத்தியானம், எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் மாதிரி ஒரு சொப்பிங் பையோடு பஸ் ஏறினார். றோட்டுக்கரையில் நின்று பெரியம்மாவிடம் அவர் கடைசியாகச் சொன்னது, பிள்ளை குட்டி இல்லாத மனைவியை விட்டுப் போகிறவர் சொல்லக்கூடிய எதுவுமல்ல.

“வள்ளத்தை ஒருத்தரும் இறக்க வேண்டாம். நான் வந்து இறக்கிறன்.”

அவர் அப்படிச் சொன்னது மாமாவை மனதில் வைத்துத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நெடுங்கேணிப் பக்கத்து வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். சில நாட்களுக்கு முன்புதான், உதவி செய்கிறேன் என்று ட்ரெயிலரைத் தன் இயந்திரத்தில் கொழுவிப் பின்னால் தள்ளி, வள்ளத்தைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் இடித்திருந்தார். மாமாவைத் தூர வைப்பதற்காகச் சொன்ன பேச்சைப் பெரியம்மா சட்டமாக்கிவிட்டார். அந்தச் சட்டத்துக்குள் அப்பாவும் வந்துவிட்டார். பெரியப்பா போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும், வளவில் வள்ளம் நிற்க, எஞ்சின் பெரியம்மாவின் அறையில் படங்குத் துணியால் சுற்றிக் கிடக்க, அப்பா இன்னொருவரின் வள்ளத்தில் ஏறி அவருடைய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வள்ளத்தைப் பராமரித்த விதத்தைப் பார்த்தால், அது நாளைக்கே கடலுக்குப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சனிக்கிழமைகளில் நல்ல தண்ணீரால் கழுவுவார். சைக்கிள் பம்பால் ட்ரெயிலரின் சில்லுகளுக்குக் காற்றடிப்பார். திருநாளன்று பங்குச் சுவாமியார் கரைக்குப் போய் எல்லா வள்ளங்களையும் மந்திரித்து முடித்த பிறகு, எங்கள் வளவுக்கும் கூட்டிக்கொண்டு வந்து, முருங்கை மரத்தடியில் நின்ற வள்ளத்துக்கும் தீர்த்தம் தெளிப்பிப்பார். பெரியப்பாவிடமிருந்து ஏன் போன் வரவில்லை என்று யாராவது கேட்டால், அங்கே முகாமில் வைத்திருக்கும்வரை கதைக்க விடமாட்டார்கள் என்பார். அதை அவர் சொல்கிற தெளிவைப் பார்த்து நானும் நம்பினேன்.

வள்ளம் சரிந்த கிழமைதான் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கிணற்றடியில் நின்றுதான் கதைக்க வேண்டும். அப்பா அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகு, குளித்துச் சாப்பிட்டு முடித்த மனிதர், மறுபடியும் வாளியைப் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றினார். யார் என்று கேட்டேன். லைன் தெளிவில்லை என்றார். நான் கேட்டது அதையல்ல, ஆனால் எனக்கு முழங்கால் நொந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமா உழவு இயந்திரத்தோடு வந்து இறங்கினார். இயந்திரத்தின் பின்பெட்டியில் இரண்டு மாம்பலகையும் ஒரு சுருள் சிவப்புக் கார்ப்பெட்டும் இருந்தன. கார்ப்பெட் முல்லைத்தீவில் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிற ஒருவருடையது. அந்த வருடங்களில் எங்கள் பக்கம் எந்த நேரமும் ஏதாவது திறப்புவிழா நடந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய ஆட்கள் மிதித்து நடந்து நைந்த கம்பளம் என்று மாமா பெருமையாகச் சொன்னார். ஞாயிறு வேலை செய்வது பாவம் என்று அம்மா முணுமுணுத்தார். மாடு கிணற்றில் விழுந்தால் ஞாயிறென்று விடுவோமா என்று கேட்டு மாமா அதைச் சமாளித்தார்.

குசினியில் தேத்தண்ணீர் குடிக்கும்போது மாமா தன் திட்டத்தைச் சொன்னார். கட்டை மாற்றுவதென்றால் வள்ளத்தைத் தூக்க வேண்டும். தூக்குவதைவிடக் களப்புக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டு, வெறும் ட்ரெயிலரைக் கொண்டுவந்து வேலை செய்வது சுகம். தண்ணீரில் விட்ட வள்ளத்துக்கு எஞ்சினைப் பூட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? பூட்டினால் ஓடிப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு நாள் ஓடிவிட்டால் பிறகு பெரியம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டார், அப்பா வீட்டு வள்ளத்திலேயே தொழிலுக்குப் போகலாம். மாம்பலகை இரண்டு மழைக்குத் தாங்காது என்பது மாமாவுக்கும் தெரியும். அதற்குள் வள்ளம் கரையில் நிற்கும், கட்டையைப் பற்றி யாருக்குக் கவலை என்பது அவருடைய கணக்கு.

அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் ஓம் என்றேன். ஏனென்றால் மாமா என்னிடம் தனியாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

“இறக்கின உடனை முதல் ஓட்டத்துக்கு நீதான் முன்னுக்கு இருக்கிறாய். அக்கரை மட்டும் போய் வருவம்.”

நிலத்திலேயே ஒரு வருடம் துடுப்புப் போட்ட பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். நான் பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை.

மாமா பெட்டியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ட்ரெயிலரில் கொழுவினார். அப்போது பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு வெளியே வந்தார். மறுகையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் சட்டியும் இருந்தன. கதிரையை வளவின் வாசலுக்கு நேரே, உழவு இயந்திரம் போகவேண்டிய பாதையின் நடுவில் வைத்தார். உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார். கோபமாகவும் இல்லை, பிடிவாதமாகவும் இல்லை. நிழல் பார்த்து உட்கார்ந்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே நிழல் இல்லை.

மாமா தண்ணீரில் விடுவதன் நன்மைகளை நீளமாக விளக்கினார். பைபருக்கு வெயில் கூடாது, களப்புத் தண்ணீர் குளிர்ச்சி என்றார். பெரியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மாமாவிடமில்லாமல் அப்பாவிடம் சொன்னார்.

“ஒரு பக்கத்தைக் கழட்டேக்கை மற்றப் பக்கம் தாங்கும்தானே, தம்பி. அவர் அப்பிடித்தான் மாத்துறவர். வள்ளம் கீழை வரத் தேவையில்லை.”

அது சரிதான். ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி, கீழே டயரும் மண் மூட்டையும் கொடுத்து, அந்தப் பக்கக் கட்டையை மட்டும் மாற்றலாம். அது முடிந்ததும் மறுபக்கம். அப்படிச் செய்தால் தூக்கும் வேலையும் குறைவு, கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கைகளின் சரிவும் மாறாது. அப்பாவுக்கு அது தெரியாமலிருக்க வழியில்லை, பெரியப்பாவோடு சேர்ந்து அப்படி மாற்றியவரே அவர்தான். அப்பா குனிந்து வள்ளத்தின் அடியை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமாவிடம் இயந்திரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. அப்பா இவ்வளவு கெதியாகத் தோற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இடப்பக்கம் முதலில். போல்ட்டுகள் கறள் பிடித்து இரும்போடு இரும்பாகிவிட்டன. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கடைசியில் இரும்பறுக்கும் வாளால் அறுத்தார்கள். பழைய கட்டையை முழுசாக எடுக்க முடியவில்லை, அள்ளித்தான் எடுத்தார்கள். மாமா மாம்பலகையை வைத்துப் பூட்டினார். திட்டம் தோற்ற எரிச்சலில் கார்ப்பெட்டை வேகமாகச் சுற்றி, கைக்குச் சுகமான பக்கத்தில், அதாவது மேலே, வரிசையாக ஆணி அடித்துக்கொண்டு போனார்.

அப்பா கட்டையின்மேல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஓர் ஆணித்தலை கையில் தட்டுப்பட்டது. கழற்றச் சொன்னார். ஆணி அடியில் அடிக்க வேண்டும், மேலே அடித்தால் வள்ளத்தின் வயிற்றைக் கிழித்துவிடும் என்றார்.

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். “ஓடாத வள்ளத்துக்கு எங்காலை அத்தான் கீறல் வரப்போகுது?”

இதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியம்மாவின் கைகள் நின்றன. அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கீரையை உருவத் தொடங்கினார். ஆனால் உருவிய இலையை மணலில் போட்டார். வெறும் ஈர்க்குகளைச் சட்டியில் போட்டார். நான் கிட்டப் போய் அதைச் சொன்னேன். பெரியம்மா சட்டியைப் பார்த்தார், ஓம் என்றார், அப்படியே தொடர்ந்தார்.

அப்பா மாமாவைத் திட்டவில்லை. தானே குறட்டை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கார்ப்பெட்டைச் சுருட்டி வைத்தார். அதோடு நிற்காமல், பூட்டிய மாம்பலகையையும் கழற்றி ஒரு பக்கமாகப் போட்டார். பிறகு எங்கள் வீட்டுக்குள் போனார்.

எங்கள் வீடு போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டத்தில் கட்டியது. சுவரும் கூரையும் வந்துவிட்டன, கதவு வரவில்லை. முன்வாசலில் அம்மாவின் பழைய படுக்கை விரிப்பொன்று தொங்கியது. கதவுக்கான நிலை மட்டும் தயாராக இருந்தது. நல்ல முதிரை மரம், வாசலின் இரண்டு பக்கமும் நிற்கவேண்டிய இரண்டு நீளக் கால்கள். மாமாவே தெரிந்த தச்சரிடம் சொல்லி, நாள் கணக்காகக் காத்திருந்து கொண்டுவந்து கொடுத்தவை. மழை படாமல் சாக்குச் சுற்றி கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்குக் கதவு வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

அப்பா அந்த இரண்டையும் வெளியே இழுத்தார். அம்மா வாசலில் நின்றார்.

“யோசிச்சுத்தான் எடுக்கிறீங்களோ?”

“ஓம்.”

அம்மா விரிப்பை ஒதுக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தின் மறுமுனையைப் பிடித்தார். எதிர்ப்பு அந்தப் பக்கமிருந்தாவது வரும் என்று நம்பியிருந்த எனக்கும் மாமாவுக்கும் பெரிய ஏமாற்றம். மாமா வாயைத் திறந்து இது கதவுக்கல்லவோ என்று ஏதோ சொல்லப்போய், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் அன்று முழுவதும் சொன்னதைச் செய்தார். மாமாவை அப்படி நான் பார்த்ததில்லை.

முதிரையில் வேலை செய்வது லேசல்ல. ஆணியை நேரே அடித்தால் ஆணிதான் வளையும். துறப்பணத்தால் ஒவ்வொரு துளையாகத் துளைத்தார்கள். போல்ட்டின் தலை மேலே தெரியாதபடி மரத்துக்குள் குழி தோண்டி இறக்கினார்கள். விளிம்புகளை அப்பா சீவி உருட்டையாக்கினார். கார்ப்பெட்டை இறுக்கிச் சுற்றி, மடிப்பெல்லாம் அடிப்பக்கம் வரும்படி மடித்து, மல்லாந்து படுத்துக்கொண்டு கீழேயிருந்து ஆணி அடித்தார். ஒரு பக்கம் முடிய இருட்டிவிட்டது. மறுநாள் தொழிலுக்குப் போகாமல் நின்று மற்றப் பக்கத்தையும் அதே மாதிரிச் செய்தார். எந்த நேரத்திலும் வள்ளம் ட்ரெயிலரை விட்டு இறங்கவில்லை. மீன் நாறும் வள்ளமொன்று பெரிய மனிதர்களுக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெரியம்மா வந்து குனிந்து பார்த்தார். கார்ப்பெட்டின் மேல் கையை வைத்து முனையிலிருந்து முனைவரைக்கும் தடவினார். ஓர் ஆணியும் தட்டுப்படவில்லை.

“இது எத்தினை வரியம் நிக்கும், தம்பி?”

“எங்கடை காலத்துக்கு நிக்கும், அண்ணி.”

“அவர் வந்து பாத்தா சந்தோசப்படுவார்.”

“ஓம், அண்ணி,” என்றார் அப்பா. பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். நிறைய நேரம் ஊற்றினார். வேலை செய்த களைப்பு என்று நினைத்தேன்.

எங்கள் வாசலில் அந்த விரிப்பு இன்னும் ஒரு மழைக்காலம் தொங்கியது. காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து முகத்தில் அடிக்கும். பக்கத்து வளவு நாய் கேட்டுக்கேள்வி இல்லாமல் வந்து சட்டியில் வாய் வைத்துவிட்டுப் போகும். கதவு வந்துவிட்டதா என்று வகுப்பில் கேட்டார்கள். நான் அப்பாவோடு சில நாள் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. பிறகு அவர் தொழிலுக்குப் போகத் தொடங்கினார், அதே ஆளின் வள்ளத்தில், அதே வலையை இழுக்க.

வள்ளம் இன்னமும் அங்கேதான் நிற்கிறது. சிவப்புக் கார்ப்பெட் நைந்து, பச்சை வந்து, அதுவும் நைந்துவிட்டது. இப்போது பெரியம்மாவுக்குக் குனிந்து பம்ப் அடிக்க முடியாது. நான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது சில்லுகளுக்குக் காற்றடித்துக் கொடுக்கிறேன். கார்ப்பெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தால் முதிரை போட்டபடியே இருக்கிறது.

கிணற்றடியில் வந்த அந்த போன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது, நான் படிக்க வெளியூர் போகத் தொடங்கிய பிறகு. பேசியவர் எங்கள் ஊர்க்காரர், அப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். அப்பா கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு முகாமாக விசாரித்திருக்கிறார். பெரியப்பா ஏறிய ட்ரோலர் எந்தக் கரைக்கும் வந்து சேரவில்லை. அதில் போன ஒருவரையும் யாரும் காணவில்லை. அப்பா அதை அம்மாவுக்கு மட்டும் சொன்னார். பெரியம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவரும் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

மாமா மாம்பலகை கொண்டுவந்தது, வள்ளம் அங்கே நிற்கப்போவது கொஞ்ச நாள்தான் என்ற நினைப்பில். அது இனி இறங்காது என்று அறிந்திருந்தவர் அப்பா. பெரியம்மா எவ்வளவு காலம் காத்திருப்பார் என்று யோசித்து, அவ்வளவு காலமும் உக்காத மரமாகத் தேடியிருக்கிறார். அப்படி ஒரு மரம் எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், மாமா சொன்ன முதல் ஓட்டம் இல்லாமல் போனதும், எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லாமல் போனதும்தான்.